சாளரம் அசையவில்லை, பெட்டி அசைகிறது: ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு உறுப்புகளின் அளவை மாற்றுதல்

2025 ஏப்ரல் 6 — கேள்வி, உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்

நிலாவெளிக் கடற்கரையில் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றுக்காகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஓர் இணையத்தளம் செய்கிறேன். அறைகளைக் காட்டும் அட்டைகள் வரிசைக்கு மூன்றாக வருகின்றன. அவற்றுள் உயரமானதை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அளந்து, அந்த உயரத்தையே மற்ற இரண்டுக்கும் வைக்கிறேன். சாளரத்தின் ரீசைஸ் நிகழ்வு வரும்போதெல்லாம் அதே ஃபங்ஷன் மீண்டும் ஓடும். ஆங்கிலத்தில் எந்தக் குறையும் இல்லை. மொழிப் பொத்தானை அழுத்தித் தமிழுக்கு மாற்றினால் கடைசி வரியும் விலையும் அட்டைக்கு வெளியே வழிந்து அடுத்த வரிசையின் மேல் ஏறிவிடுகின்றன. போனைக் குறுக்காகத் திருப்பினால் மட்டும் சரியாகிறது. ரீசைஸ் நிகழ்வு நம்பத்தகாதது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வேறு வழி உண்டா?

ஏப்ரல் 6, இரவு

ரீசைஸ் நிகழ்வு தன் கடமையை ஒழுங்காகவே செய்கிறது. நீங்கள் அதனிடம் எதிர்பார்ப்பதுதான் அதன் கடமை அன்று. அது சாளரத்துக்கு உரியது. உலாவிச் சாளரத்தின் அகலமோ உயரமோ மாறினால், போன் திருப்பப்பட்டால், பக்கம் பெரிதாக்கப்பட்டால் அது எழும். பக்கத்துக்குள்ளே ஒரு பந்தி நீண்டதையோ, ஒரு படம் பிந்தி வந்து இடம் பிடித்ததையோ அது அறியாது.

மொழிப் பொத்தானை அழுத்தும்போது சாளரம் அசைவதில்லை; பெட்டிக்குள் இருக்கும் எழுத்துத்தான் நீள்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கிய அறையின் பெயர் தமிழில் "கடல் நோக்கிய குளிரூட்டப்பட்ட இருவர் அறை" என்று ஆகும்போது இரண்டு வரி பிடிக்கும், சிறிய திரையில் மூன்று வரியும் பிடிக்கும். நீங்களோ ஆங்கிலத்தில் அளந்த உயரத்தை அட்டையின் ஸ்டைலில் பிக்சல் எண்ணாக எழுதி வைத்துவிட்டீர்கள். உலாவி அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டு, மிஞ்சியதை வெளியே விடுகிறது. போனைத் திருப்பினால் சாளரத்தின் அகலம் மாறி நிகழ்வு எழுகிறது, உங்கள் ஃபங்ஷன் புதிதாக அளக்கிறது. அளக்குமுன் பழைய உயரத்தை நீக்கும் ஒழுக்கம் உங்களிடம் இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நீக்காமல் அளந்து, முன்பு தாம் எழுதிய எண்ணையே திரும்பப் பெறுவோர் பலர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, மொழி மாறியவுடன் ரீசைஸ் நிகழ்வை நாமே கையால் எழுப்பிவிடுவது. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் சாளரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரைபடம், படச்சுழலி, மெனு எல்லாமே, நிகழாத ஒன்றுக்காக விழித்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கும்.

ஏப்ரல் 7

நேற்றுச் சொன்னது காரணம். தீர்வு வேறு: அந்த ஃபங்ஷனை முழுவதுமாக அழித்துவிடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ். மொழியின் கட்ட அமைப்பான கிரிட்டில் ஒரே வரிசையில் இருக்கும் பெட்டிகள், நாம் எதுவும் கேட்காமலேயே, வரிசையின் உயரத்துக்கு நீட்டப்படுகின்றன. பிளெக்ஸ்பொக்ஸிலும் அதுவே இயல்பு. விலை எப்போதும் அட்டையின் அடியில் நிற்க வேண்டுமென்றால், அட்டையை நெடுக்கான பிளெக்ஸாக்கி, விலையின் மேற்பக்க மார்ஜினை ஓட்டோ என வைத்தால் போதும். அறையின் பெயரும் விவரமும்கூட அட்டைக்கு அட்டை ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு, உள் பெட்டிகளும் வெளிக் கிரிட்டின் கோடுகளையே பின்பற்றும் சப்கிரிட் இருக்கிறது. பயர்பொக்ஸ் 2019 டிசம்பரிலும், சபாரி 2022 செப்டெம்பரிலும், குரோம் 2023 செப்டெம்பரிலும் அதைக் கொடுத்துவிட்டன. மிகப் பழைய போன்களில் அந்த நேர்கோடு மட்டுமே குறையும், பக்கம் உடையாது.

ஏப்ரல் 8

கேட்டவர் செய்து பார்த்து, சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதன் கீழே இன்னொருவர், "அப்படியானால் ஜாவாஸ்கிரிப்டில் அளவை மாற்றும் வேலையே வீண் வேலையா?" என்று கேட்டிருக்கிறார். வீண் அன்று. நாளை ஆறுதலாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 9

ஒரு பெட்டியின் அளவை மாற்ற முயலுமுன் நான் என்னிடமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்த அளவைத் தீர்மானிப்பது யார்? உள்ளே இருக்கும் எழுத்தும் படமும் தீர்மானித்தால் உயரத்தைத் தொடவே கூடாது, அது தானாக வளரும். வெளியே இருக்கும் பெட்டியோ திரையோ தீர்மானித்தால் சதவீதமும் கிரிட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் கைவிரிக்கும் இடங்கள் சில இருக்கின்றன. பயனர் தன் விரலால் ஒரு பிரிகோட்டை இழுக்கும்போது, கன்வஸ் என்ற வரைதளத்தின் மீது நாமே கோடு கீறும்போது, ஐஃபிரேமுக்குள் வேறொரு தளத்தின் பக்கம் இருக்கும்போது, வரைபடம் தன் ஓடுகள் (சிறு படத் துண்டுகள்) எத்தனை வேண்டும் என்று கணக்கிடும்போது, சி.எஸ்.எஸ்ஸால் அறிய முடியாத ஒன்று அந்தக் கணக்கில் இருக்கிறது. அங்கே ஜாவாஸ்கிரிப்ட் தேவை.

அந்த இடங்களிலும் அளவை வைப்பது கடினமான வேலை இல்லை. ஸ்டைலில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. அளவு எப்போது மாறியது என்று அறிவதுதான் கடினம். இந்த இழையின் முதற் கேள்வியும் உண்மையில் அதுவே.

ஏப்ரல் 10

மூதூர் வாசகர் ஒருவர், நூறு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மாற்றமும் தப்பாது என்று எழுதியிருக்கிறார். தப்பாதுதான். ஆனால் மாற்றம் நடந்து நூறு மில்லிசெக்கன் வரை திரையில் பிழையான படம் நிற்கும். ஒன்றுமே மாறாத நேரத்திலும் போனின் பற்றரி கரைந்துகொண்டிருக்கும். அகலத்தைக் கேட்பது இலவசமான கேள்வி அன்று. நிலுவையில் உள்ள மாற்றம் ஏதாவது இருந்தால், அதற்கு விடை சொல்வதற்காகவே உலாவி முழு லேஅவுட்டையும், அதாவது ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் அளவையும், கணக்கிட வேண்டிவரும்.

ஏப்ரல் 17

புத்தாண்டு விடுமுறை முடிந்துவிட்டது. ரீசைஸ் ஒப்சேர்வர் பற்றி எழுதுகிறேன்.

பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் எந்த உறுப்புக்கும் ரீசைஸ் நிகழ்வு உண்டு. மற்ற உலாவிகள் அதை ஏற்கவில்லை; பிற்காலத்தில் மைக்ரோசொஃப்ட்டும் அதைக் கைவிட்டது. பிறகு நெடுங்காலம் எல்லாரும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உள் பெட்டியைச் செருகி, அதன் ஸ்குரோல் அசைவை வைத்து வெளிப்பெட்டி மாறியதை ஊகிக்கும் வித்தைகளைச் செய்துகொண்டிருந்தோம். கிண்டல் செய்து ஒதுக்கப்பட்ட அந்தத் தேவையே 2018 ஜனவரியில் குரோம் 64இலும், 2019 செப்டெம்பரில் பயர்பொக்ஸ் 69இலும், 2020 மார்ச்சில் சபாரி 13.1இலும் ரீசைஸ் ஒப்சேர்வர் என்ற பெயரில், கூடுதல் ஒழுங்குடன் வந்து சேர்ந்தது.

வேலை செய்யும் முறை எளிது. ஓர் ஒப்சேர்வரை உருவாக்கி, கவனிக்க வேண்டிய உறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறோம். அந்த உறுப்பின் அளவு எக்காரணத்தால் மாறினாலும், மொழி மாறினாலும், எழுத்துரு பிந்தி வந்தாலும், பக்கத்தில் ஒரு மெனு திறந்து இடத்தைப் பறித்தாலும், நம் ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அழைப்பு வருவது உலாவி லேஅவுட்டை முடித்த பின்பும் திரையில் தீட்டுவதற்கு முன்பும் ஆகையால், பிழையான படம் ஒரு கணம் தெரிந்து மறையும் தொல்லை இல்லை. கவனிக்கத் தொடங்கியவுடனேயே முதல் அழைப்பு வந்துவிடுகிறது. தொடக்க அளவுக்கென்று தனியாக எழுத வேண்டியதில்லை. பலர் இதை அறியாமல் தாமும் ஒரு தடவை அழைத்து, ஒவ்வொரு வரைபையும் இரு தடவை கீறுகிறார்கள்.

அது பார்க்காதவையும் உண்டு. தோற்றத்தை மட்டும் மாற்றும் டிரான்ஸ்ஃபோர்ம் கொண்டு பெரிதாக்கினால் அழைப்பு வராது, ஏனெனில் லேஅவுட்டில் அந்தப் பெட்டி மாறவில்லை. ஸ்பான் போன்ற, வரிக்குள் ஓடும் உறுப்புகளைக் கவனிக்கச் சொன்னால் அகலம் பூச்சியம் என்றே கிடைக்கும். டிஸ்பிளே நன் என்று மறைத்தால் பூச்சிய அளவுடன் ஓர் அழைப்பு வரும். அதை எதிர்பார்க்காத ஃபங்ஷன் பூச்சியத்தால் வகுத்துவிட்டுத் திணறும்.

ஏப்ரல் 18

நேற்றையதற்கு ஒரு பின்னிணைப்பு. "அன்டெலிவர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்" என்று முடிந்து, ரீசைஸ் ஒப்சேர்வரால் கன்சோலில் (உலாவி பிழைகளை எழுதும் பலகையில்) வரும் சிவப்பு வரியைக் கண்டு பயந்து மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அதைக் கண்ட கதையைச் சொன்னால் காரணமும் விளங்கும்.

மீனவர் சங்கம் ஒன்றுக்காக மாதாந்த மீன்பிடி அளவைக் காட்டும் ஒரு வரைபைக் கன்வஸில் செய்துகொண்டிருந்தேன். வெளிப்பெட்டியைக் கவனித்து, அதன் உயரத்தையே கன்வஸுக்கு வைக்குமாறு எழுதியிருந்தேன். பக்கத்தைத் திறந்தால் வரைபு சில பிக்சல் வளர்ந்தது, மீண்டும் வளர்ந்தது, நிறுத்தாமல் வளர்ந்துகொண்டே போனது. சாளை மீனுக்குரிய பட்டை திரையின் அடியைத் தாண்டி இறங்கிவிட்டது. சங்கத்தின் செயலாளர், இந்த வருடம் மீன்பாடு நன்றாக இருக்கிறது என்றார்.

கன்வஸ் இயல்பில் எழுத்தைப் போல வரிக்குள் நிற்கும் உறுப்பு. ஆகவே எழுத்தின் கீழ்க்கொம்புக்கு விடும் சிறிய இடைவெளி அதன் அடியிலும் விடப்படுகிறது. வெளிப்பெட்டியின் உயரம் எப்போதும் கன்வஸின் உயரத்தைவிட அந்த இடைவெளி அளவுக்குக் கூட. நாம் வெளிப்பெட்டியின் உயரத்தைக் கன்வஸுக்கு வைத்ததும் வெளிப்பெட்டி மறுபடி அந்த அளவு வளர்கிறது, ஒப்சேர்வர் மறுபடி அழைக்கிறது. உலாவி இந்தச் சுழலில் உறைந்துபோகாதிருப்பதற்கு ஒரு விதி இருக்கிறது: ஒரே பிரேமில் (திரை ஒரு தடவை தீட்டப்படுவதற்குள்), ஏற்கெனவே அறிவித்த உறுப்பைவிட ஆழத்தில் உள்ள உறுப்புகளின் மாற்றங்கள் மட்டுமே மேலும் அறிவிக்கப்படும், மற்றவை அடுத்த பிரேமுக்கு ஒத்திவைக்கப்படும். ஒத்திவைத்ததைச் சொல்லும் வரிதான் அந்தச் சிவப்பு வரி. அது தானாக ஆபத்து அன்று. ஆனால் நிற்காமல் வந்துகொண்டிருந்தால், நீங்கள் கவனிக்கும் பெட்டியை நீங்களே மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கன்வஸின் டிஸ்பிளேயை புளொக் என்று மாற்றியதும் வளர்ச்சி நின்றது. ஆயினும் அதோடு விடவில்லை. வெளிப்பெட்டியின் அகலத்தை மட்டும் கேட்டு, உயரத்தை சி.எஸ்.எஸ்ஸின் ஆஸ்பெக்ட் ரேஷியோவிடம் விட்டுவிட்டேன். அகலத்தை வெளியும் உயரத்தை நாமும் தீர்மானிக்கும்போது சுழல் உண்டாக வழி குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். உயரம் கூடியதால் பக்கத்துக்கு ஸ்குரோல் பட்டை வந்து, பட்டை அகலத்தைப் பறித்து, அகலம் குறைந்ததால் உயரமும் குறைந்து, பட்டை மறைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. மேசைக்கணினிகளில் மட்டும் நடக்கும், அதுவும் குறித்த சில சாளர அளவுகளில் மட்டும். ஸ்குரோல்பார் கட்டரை ஸ்டேபிள் என வைத்தால் பட்டைக்கான இடம் எப்போதும் ஒதுக்கப்பட்டு ஆட்டம் அடங்கும்.

ஏப்ரல் 18, பின்னேரம்

கன்வஸ் மங்கலாக இருக்கிறது என்று கேட்டவருக்கு: கன்வஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று அதன் சொந்தப் பிக்சல்கள், சொல்லாவிட்டால் 300க்கு 150. மற்றது திரையில் அது பிடிக்கும் இடம், அதை சி.எஸ்.எஸ். தீர்மானிக்கிறது. சி.எஸ்.எஸ்ஸில் மட்டும் பெரிதாக்கினால் சிறிய படத்தை இழுத்து விரித்ததாகவே இருக்கும். இடத்தின் அகலத்தை, ஒரு சி.எஸ்.எஸ். பிக்சலுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்று சொல்லும் டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் பெருக்கிச் சொந்தப் பிக்சல்களாக வையுங்கள். வைத்த கணமே கன்வஸ் வெறுமையாகிவிடும், பழைய எண்ணையே திரும்ப வைத்தாலும் அப்படித்தான். எனவே அளவு மாறியதும் முழுவதையும் மீண்டும் கீற வேண்டும்.

ஏப்ரல் 21

சிறு விடயங்கள், ஆனால் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் கேட்பவை. ஸ்டைலின் அகலத்துக்கு வெறுமனே 300 என்ற எண்ணைக் கொடுத்தால் உலாவி அதை ஓசையின்றிப் புறக்கணிக்கும். பிக்சல் என்ற அலகையும் சேர்த்து எழுத்துச்சரமாகக் கொடுக்க வேண்டும். அகலத்தை அளக்கும்போது, ஒப்செட் வித் என்பது போர்டரையும் (எல்லைக் கோடு) பெடிங்கையும் (உள் இடைவெளி) சேர்த்த முழு எண். கிளையன்ட் வித் போர்டரையும் ஸ்குரோல் பட்டையையும் விட்டுவிடும். கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட் பின்னத்தையும் தரும், டிரான்ஸ்ஃபோர்முக்குப் பின் கண்ணுக்குத் தெரியும் அளவையும் தரும். மூன்று பெட்டிகளைச் சேர்த்து ஒரு வரியில் அடக்கும் கணக்குக்கு முழு எண்ணை நம்பினால் கடைசிப் பெட்டி அரைப் பிக்சலுக்காகக் கீழே விழும்.

ஏப்ரல் 23

அறை அட்டைகளுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே வேலையை, வேறு தேவைக்காக, நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்குச் செய்ய வேண்டிவந்தால் எழுதும் ஒழுங்கு முக்கியம். ஒரு பெட்டியை அளந்து, அதன் உயரத்தை மாற்றி, அடுத்ததை அளந்து, அதன் உயரத்தை மாற்றிச் சென்றால், ஒவ்வொரு அளப்புக்கும் உலாவி லேஅவுட்டைப் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும், ஏனெனில் முந்திய மாற்றம் இந்தப் பெட்டியையும் நகர்த்தியிருக்கலாம். 2009இல் பாலம் திறக்கப்படுமுன் கிண்ணியாத் துறையில் ஓடிய பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் மிதவையில்) ஒரு தடவைக்கு ஓர் ஆளை மட்டும் ஏற்றி இறக்கினால் எப்படியோ அப்படி. முதலில் எல்லாவற்றையும் அளந்து ஓர் அணியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்போது லேஅவுட் ஒரு தடவைதான் நடக்கும்.

ரிக்குவெஸ்ட் அனிமேஷன் பிரேமுக்குள் போட்டுவிட்டால் இது தானாகச் சரியாகும் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அது வேலையை அடுத்த பிரேமின் தொடக்கத்துக்கு நகர்த்துகிறது. அதற்குள்ளும் அளப்பதும் எழுதுவதும் மாறி மாறி வந்தால் செலவு அதேதான்.

மே 4

உப்புவெளியில் இன்னொரு விடுதியின் பதிவுப் படிவத்தை மலிவான அன்ட்ராய்ட் போன் ஒன்றில் சோதித்தபோது, விரலால் பக்கத்தை மேலே தள்ளும்போதெல்லாம் படச்சுழலி முதற் படத்துக்குத் திரும்பியது. உலாவியின் முகவரிப் பட்டை ஒளிந்துகொள்ளும்போது சாளரத்தின் உயரம் மாறுகிறது. அதனால் ரீசைஸ் நிகழ்வு எழுகிறது. படச்சுழலியை எழுதியவர் ரீசைஸ் என்றால் மேசைக்கணினியில் யாரோ சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுப்பது என்றே நினைத்திருக்கிறார். கடைசியாகக் கண்ட அகலத்தைக் குறித்து வைத்து, அகலம் மாறாவிட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும் ஒரு வரி சேர்த்தேன்.

திரை முழுவதையும் பிடிக்கும் முகப்புப் படத்துக்கு 100 விஎச் (திரை உயரத்தின் நூறு சதவீதம்) என்று எழுதினால் அடிப்பகுதி முகவரிப் பட்டையின் அளவுக்கு மறைந்துபோவதும் இதே காரணத்தால்தான். அதற்காகச் சாளரத்தின் உள் உயரத்தை ஜாவாஸ்கிரிப்டில் எடுத்து ஒரு மாறியில் வைக்கும் வித்தையை நானும் பல தளங்களில் போட்டிருக்கிறேன். சபாரி 15.4, பயர்பொக்ஸ் 101, குரோம் 108 ஆகிய மூன்றும் 2022க்குள் டிவிஎச், எஸ்விஎச் அலகுகளைக் கொண்டுவந்துவிட்டதால் அந்த வித்தை இனி வேண்டியதில்லை. டிவிஎச், முகவரிப் பட்டை ஒளியும்போது தானும் நீளும், அதனால் கீழே உள்ள எழுத்து துள்ளும். முகப்புப் படத்துக்கு, பட்டை தெரியும்போதுள்ள சிறிய உயரத்திலேயே நிற்கும் எஸ்விஎச்தான் அமைதியானது என்பது என் அனுபவம்.

தட்டச்சுப் பலகை எழும்போது நடப்பது வேறு கதை. ஐபோனில் அது சாளரத்தின் லேஅவுட் அளவை மாற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் சுருங்கும். அன்ட்ராய்டில் முன்பு முழு லேஅவுட்டும் சுருங்கியது. 2022 நவம்பரில் வந்த குரோம் 108இலிருந்து அங்கும் தெரியும் பகுதி மட்டுமே சுருங்குகிறது. "பதிவு செய்க" பொத்தான் பலகையின் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்றால் விஷுவல் வியூபோர்ட் என்ற பொருளின் ரீசைஸ் நிகழ்வைக் கேளுங்கள். அந்த உயரம் உண்மையானது.

மே 5

"ஒவ்வொரு ரீசைஸுக்கும் முந்நூறு மில்லிசெக்கன் பிந்தி வேலை செய்தால் போதுமே" என்ற கருத்துக்கு: வேலை பாரமானதாக இருந்தால், உதாரணமாகச் சேவையகத்திலிருந்து புதிய படம் எடுப்பதாக இருந்தால், பிந்துவது நல்லது. பெட்டியின் இடத்தைச் சரிசெய்வது மட்டுமே என்றால் பிந்தக் கூடாது. போனைத் திருப்பியபின் அந்த முந்நூறு மில்லிசெக்கனும் உடைந்த பக்கம் தெரியும். ஒரே அழைப்பில் இரண்டு வேலையும் இருந்தால் பிரித்துவிடுங்கள்.

மே 19

எழுதும்போது தானாக நீளும் உரைப்பெட்டி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். உயரத்தை ஓட்டோ ஆக்கி, ஸ்குரோல் ஹைட்டைப் படித்து, அதையே உயரமாக வைப்பது பழைய முறை. ஓட்டோ ஆக்காமல் படித்தால் பெட்டி வளரும், ஆனால் எழுத்தை அழித்தாலும் சுருங்காது. ஸ்குரோல் ஹைட்டில் பெடிங் சேரும், போர்டர் சேராது. பெட்டி போர்டர் பொக்ஸ் முறையில் (உயரத்தில் போர்டரையும் சேர்த்துக் கணக்கிடும் முறை) இருந்தால் இரண்டு பிக்சல் குறைந்து ஒரு வீண் ஸ்குரோல் பட்டை எட்டிப் பார்க்கும். ஒப்செட் ஹைட்டிலிருந்து கிளையன்ட் ஹைட்டைக் கழித்துவரும் மிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீண்ட பக்கத்தின் அடியில் இந்தப் பெட்டி இருந்தால் இன்னொரு தொல்லை: ஓட்டோ ஆகும் அந்தக் கணத்தில் பக்கம் குறுகி, ஸ்குரோல் இடம் மேலே தாவிவிடலாம். குரோம் 123இல், 2024 மார்ச்சில், ஃபீல்ட் சைசிங் என்ற சி.எஸ்.எஸ். பண்பு வந்து இந்த முழு வேலையையும் ஒரு வரியாக்கிவிட்டது. 2025 மே மாதத்தில் பயர்பொக்ஸில் அது இல்லாததால் பழைய முறையையும் வைத்துக்கொண்டு, புதியது இல்லாத உலாவியில் மட்டும் அதை ஓட்டினேன்.

மே 20

உரைப்பெட்டியில் நம் எழுத்துக்கே உரிய ஒன்றைச் சேர்க்க வேண்டும். பக்கம் திறந்தவுடன் அளந்தால் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்காது. அந்நேரம் வின்டோஸ் தன்னிடமுள்ள நிர்மலா யூஐயைக் காட்டும், அன்ட்ராய்ட் தன் நோட்டோவைக் காட்டும். நீங்கள் தெரிவுசெய்த எழுத்துரு வந்ததும் ஒவ்வொரு வரியின் அகலமும் மாறி, மூன்று வரி நான்காகும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணில் படாது. தமிழில் சொற்கள் நீளமாகையால், ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டாலே அரை வரி வெறுமையாகி மொத்த உயரமும் கூடிவிடுகிறது. எழுத்துருக்கள் வந்துவிட்டன என்று சொல்லும் டொக்கியுமென்ட் ஃபொன்ட்ஸ் ரெடி என்ற புரொமிஸ் நிறைவேறிய பின் அளப்பது ஒரு வழி. ஒப்சேர்வர் கவனிக்கும் உறுப்பாக இருந்தால், எழுத்துரு வந்து பெட்டி மாறும்போது அதுவே சொல்லிவிடும்.

இன்னமும் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்களை வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபம். எழுத்துரு வருமுன் அங்கே அளக்கப்படுவது தமிழே அன்று, ஆங்கில எழுத்துகளின் குவியல். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், அளவைப் பிறகு பார்ப்போம்.

யூன் 8

இடது பக்கம் விடுதிகளின் பட்டியல், வலது பக்கம் லீஃப்லெட் என்ற நிரலகம் காட்டும் வரைபடம், நடுவில் இழுக்கக்கூடிய பிரிகோடு: இப்படி ஒரு பக்கத்தில், கோடு வரைபடத்தின் மேல் போனதும் இழுபடாமல் நின்றுவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சுட்டி வேகமாக நகர்ந்து கோட்டைவிட்டு வெளியேறியதும், அசைவு நிகழ்வுகள் கீழே உள்ள உறுப்புக்குப் போகின்றன. வரைபடம் அவற்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. பொயின்டர் டவுன் நிகழ்வில் செட் பொயின்டர் கப்சர் என்று அழைத்துவிட்டால், விரலையோ சுட்டியையோ விடும்வரை எல்லா அசைவும் கோட்டுக்கே வரும். கோட்டுக்கு டச் அக்ஷனை நன் என வையுங்கள், இல்லாவிட்டால் போனில் உலாவி அதைப் பக்கத்தை உருட்டும் அசைவாக எடுத்துக்கொண்டு, பாதியில் பொயின்டர் கன்சல் அனுப்பிவிடும்.

இழுத்து முடித்ததும் வரைபடத்தின் ஒரு பக்கம் சாம்பல் நிறமாக, கொட்டியாரக் குடா பாதியில் வெட்டுண்டதுபோல நிற்பது அடுத்த முறைப்பாடு. லீஃப்லெட் தானாகக் கவனிப்பது சாளரத்தின் மாற்றத்தை மட்டும். தன் பெட்டி மாறியதை அது அறியாது. அதற்கு இன்வலிடேட் சைஸ் என்ற அழைப்பு இருக்கிறது. வரைபடப் பெட்டிக்கு ஓர் ஒப்சேர்வரை வைத்து, அதிலிருந்து இந்த அழைப்பைச் செய்தால் பிரிகோடு, மறைந்திருந்து திறக்கும் டப், மெனு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் தீர்வு.

விரலால் இழுக்க முடியாதவர்களுக்காக அந்தக் கோட்டுக்கு செப்பரேட்டர் என்ற ரோலும் அம்புக்குறி விசைகளும் கொடுங்கள். பத்து வரிக்குள் முடியும் வேலை.

யூன் 22

ஏப்ரல் 17இல் எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு வரம்பு போட வேண்டும் என்று தோன்றியது. ரீசைஸ் ஒப்சேர்வரைப் பலர் பயன்படுத்துவது, பெட்டியின் அகலம் நானூறு பிக்சலுக்குக் குறைந்தால் ஒரு கிளாசைச் சேர்த்து அமைப்பை மாற்றுவதற்காக. அந்தத் தேவைக்கு, பெட்டியின் அளவைப் பார்த்துத் தோற்றத்தை மாற்றும் சி.எஸ்.எஸ்ஸின் கன்டெய்னர் குவெரிகள் இருக்கின்றன. குரோம் 105, சபாரி 16, பயர்பொக்ஸ் 110 முதல் கிடைக்கின்றன, கடைசியானது வந்தது 2023 பெப்ரவரியில். தோற்றம் மட்டும் மாற வேண்டுமென்றால் அதுவே போதும். எண் கையில் வேண்டும், கீற வேண்டும், வேறொரு நிரலுக்குச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ஒப்சேர்வர்.

யூலை 3

அறைப் பதிவு நாட்காட்டியை வேறொரு தளத்திலிருந்து ஐஃபிரேமாகக் கொண்டுவந்து, அதன் உயரத்தை உள்ளடக்கத்துக்கேற்ப மாற்றுவது பற்றி. தளம் வேறு என்றால் வெளிப்பக்கத்தால் உள்ளே அளக்க முடியாது. உலாவி அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் பக்கமே தன்னை அளந்து போஸ்ட் மெசேஜ் மூலம் எண்ணை அனுப்ப வேண்டும். வெளிப்பக்கம் அந்தச் செய்தி எந்த ஒரிஜினிலிருந்து (தள முகவரியிலிருந்து) வந்தது என்று பார்த்து, வந்தது எண்தானா என்றும் பார்த்து, பிறகே உயரத்தை வைக்க வேண்டும். நாட்காட்டியைத் தருபவர் உள்ளே இந்த வரிகளைச் சேர்க்க மறுத்தால், நிலையான உயரத்தை வைத்து உள்ளே ஸ்குரோல் விடுவதைத் தவிர வழியில்லை.

யூலை 5

செய்தேன், வளர்கிறது, ஆனால் சுருங்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது. உள்ளே டொக்கியுமென்ட் எலிமென்ட்டின் ஸ்குரோல் ஹைட்டை அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த எண் ஒருபோதும் ஐஃபிரேமின் தற்போதைய உயரத்தைவிடக் குறையாது, ஏனெனில் உள்ளே இருக்கும் பக்கத்துக்கு ஐஃபிரேம்தான் சாளரம். ஞாயிறில் தொடங்கும் நாட்காட்டியில் 2025 ஓகஸ்ட் மாதத்துக்கு ஆறு வரிசை வேண்டும், செப்டெம்பருக்கு ஐந்து போதும். ஓகஸ்ட்டுக்காக உயர்ந்த ஐஃபிரேம் செப்டெம்பரிலும் அதே உயரத்தையே திருப்பிச் சொல்லி, அடியில் ஒரு வரிசை அளவு வெள்ளை இடம் விடும். நாட்காட்டியை டிவ் என்ற வெறும் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, அந்த டிவுக்கு உயரம் எதுவும் எழுதாமல், அதையே உள்ளிருக்கும் ஒப்சேர்வர் கவனித்து, அதன் போர்டர் பொக்ஸ் உயரத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்கி அனுப்பச் சொல்லுங்கள். பக்கம் முழுவதையும் அடக்கும் பொடி என்ற உறுப்பின் இயல்பான எட்டுப் பிக்சல் மார்ஜினையும் பூச்சியமாக்குங்கள், இல்லாவிட்டால் எண் சரியாக இருந்தும் உள்ளே ஸ்குரோல் பட்டை வரும்.